உங்களுக்குத் தெரியுமா? கைப்பட்டிக்குள் பிடிபடாத பிரஷர்

● கிளினிக்கில் கைப்பட்டி சுற்றிப் பிரஷர் பார்த்து, “நோர்மல், பயமில்லை” என்று கொப்பியில் எழுதிக் கொடுத்த அதே காலையில், அதே ஆளின் வயிற்றுக்குள் இன்னொரு பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். இரைப்பை, குடல், சதையி, மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தத்தைச் சேர்த்து ஈரலுக்குக் கொண்டுபோகும் வாயில் நாளத்தின் அழுத்தம் அது. கைப்பட்டி அளப்பது நாடியின் அழுத்தத்தை மட்டும். ஈரல் சுருங்கிப்போன பலருக்குக் கைப்பிரஷர் வழமையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அந்த “நோர்மல்” ஈரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

● ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நாடி வழியாக அல்ல, இந்த வாயில் நாளம் வழியாகத்தான் போகிறது. இந்த நாளத்துக்கு வால்வு கிடையாது. ஈரல் தழும்பேறி இறுகி, இரத்தம் முன்னே போக வழியில்லாமல் போனால், அது பின்னே திரும்பிச் சுற்றுவழி தேடும். உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையிலும் உள்ள மெல்லிய நாளங்கள் அந்தச் சுமையைத் தாங்கிப் புடைக்கும். ஒருநாள் அவற்றில் ஒன்று வெடிக்கும். இரத்தவாந்தி வரும், அல்லது தார்போலக் கறுத்த மலம் போகும். இன்றைய சிகிச்சைகள் கிடைத்தும்கூட, இப்படி இரத்தம் கசிந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர்வரை ஆறு கிழமைக்குள் இறந்துபோகிறார்கள். அந்த நாளுக்கு முன்னரே அழுத்தத்தைக் கண்டுபிடிக்க முடியும், அதுவும் ஊசி, குழாய் எதுவும் ஈரலுக்குள் போகாமல் முடியும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

● 5, 10, 12. இந்த மூன்று எண்களும் பாதரச மில்லிமீற்றரில். ஈரலுக்குள் நுழையும் இரத்தத்துக்கும் வெளியேறும் இரத்தத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 5 வரை இருப்பது வழமை. 10ஐ எட்டினால் நாளங்கள் புடைக்கவும் வயிற்றில் நீர் சேரவும் தொடங்கலாம். 12ஐத் தாண்டினால் புடைத்த நாளம் வெடிக்கும் ஆபத்து வந்துவிடும்.

● இந்த வேறுபாட்டைத் திருத்தமாக அளக்கும் முறை 1951ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மயர்ஸ், ரெய்லர் என்ற இருவர் எழுதிவைத்தது. இன்று பெரும்பாலும் கழுத்து நாளத்தால் மெல்லிய குழாயொன்றை இறக்கி, இதயத்தின் வலப்பக்கத்தைத் தாண்டி, ஈரல் நாளத்தின் கிளைக்குள் கொண்டுபோய், அந்தக் கிளையை ஒருகணம் அடைத்து அளக்கிறார்கள். பழகிய கை வேண்டும், எக்ஸ்ரேக் கூடம் வேண்டும், செலவும் அதிகம். உலகத்தின் பெரிய நகரங்களிலேயே சில வைத்தியசாலைகளில்தான் இதை வழமையாகச் செய்கிறார்கள். நம் திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலும் தோப்பூரிலும் இருக்கும் ஈரல் நோயாளிக்கு இது எட்டாத காரியம். வெளியிலிருந்தே கணிக்கும் வழிகள் நம் பக்கத்து மக்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

● உடம்பைத் தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதை அறியும் முறையை 1761இல் எழுதி வெளியிட்டவர் லியோபோல்ட் அவுன்புருகர் என்ற ஒஸ்திரிய வைத்தியர். அவருடைய தகப்பனார் சத்திரம் நடத்தியவர். பீப்பாவில் எவ்வளவு மது மிச்சம் இருக்கிறதென்று தட்டிப் பார்த்து அறியும் வழக்கம் அங்கே இருந்தது. அதே தட்டுதலின் நுட்பமான பேரப்பிள்ளைதான் இன்றைய ஃபைப்ரோஸ்கான்.

பிரான்சில் உருவான இந்தக் கருவியைப் பற்றிய முதல் ஆய்வுக்கட்டுரை 2003இல் வந்தது. வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு கோலை வைத்து, தோலின்மேல் மெல்லிய சுண்டல் ஒன்று கொடுக்கிறார்கள். அந்த அதிர்வு ஈரலுக்குள் அலையாக ஓடுகிறது. பின்னாலேயே ஒலியலையை அனுப்பி, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறதென்று கருவி பார்க்கிறது. மெதுமையான ஈரலில் அலை மெதுவாக ஓடும், இறுகிய ஈரலில் விரைந்து ஓடும். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகம் என்றால் விறைப்பு ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல், இரண்டு மீற்றர் என்றால் 12, மூன்று மீற்றர் என்றால் 27. வேகம் இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்காகிறது. நல்ல ஈரல் 5 கிலோபாஸ்கலுக்கு அண்மையில் இருக்கும்.

ஊசியால் ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பதைவிட நூறு மடங்கு பெரிய பகுதியை இந்த அலை அளக்கிறது. நோவு இல்லை, மயக்க மருந்து இல்லை, பத்து நிமிடத்தில் எழும்பி வீட்டுக்குப் போகலாம்.

● காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு ஃபைப்ரோஸ்கானுக்குப் போகக்கூடாது. சாப்பிட்டதும் குடலிலிருந்து ஈரலுக்கு ஓடும் இரத்தம் கூடும், ஈரலும் அதற்கேற்ப விறைக்கும், எண் பொய்யாக ஏறும். குறைந்தது மூன்று மணிநேரம் வெறுவயிறு வேண்டும். மஞ்சட்காமாலை உச்சத்தில் நிற்கும்போதும், பித்தக்குழாய் அடைபட்டிருக்கும்போதும், இதயம் சோர்ந்து ஈரலில் இரத்தம் தேங்கியிருக்கும்போதும் இதே பொய் ஏற்றம் வரும். பத்து முறை அளந்து, அவற்றின் நடு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். பத்து அளவுகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றால் அந்த அறிக்கையை நம்பாமல் இன்னொருநாள் திரும்ப அளப்பதே சரி.

● இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் பாவெனோ என்றொரு சின்ன ஊர். வாயில் நாள அழுத்தத்தை ஆராயும் வைத்தியர்கள் 1990இல் அங்கே கூடி விதிமுறை எழுதினார்கள். அதன்பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை கூடித் திருத்தி வருகிறார்கள். ஏழாவது கூட்டம் 2021இல் இணையவழியில் நடந்தது. ஈரல் நிபுணர்கள் உலகெங்கும் கையில் வைத்திருக்கும் ‘ஐந்தின் விதி’ அங்கே வந்ததுதான்: 5, 10, 15, 20, 25 கிலோபாஸ்கல்.

ஈரல் விறைப்பு 15 அல்லது அதற்குக் குறைவு, பிளேட்லெட் ஒன்றரை இலட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், ஆபத்தான வாயில் நாள அழுத்தம் இல்லையென்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். 25 அல்லது அதற்கு மேல் என்றால் இருக்கிறதென்றே கொள்ளலாம். ஆனால் உடற்பருமனோடு கொழுப்பு ஈரலும் உள்ளவர்களுக்கு இந்த 25 அவ்வளவு உறுதியாகப் பொருந்தாது. அவர்களுக்கு உயரம், நிறை எல்லாம் சேர்த்துத் தனிக் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் நிற்கிறவர்களுக்குப் பிளேட்லெட் எண் சாட்சி சொல்லும்.

2015இல் நடந்த ஆறாவது கூட்டத்தின் முடிவு இதைவிட நேரடியாக நோயாளிக்கு உதவியது. விறைப்பு 20க்குக் கீழ், பிளேட்லெட் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என்றிருந்தால், புடைத்த நாளத்தைத் தேடி வாய்வழியே குழாய்க் கமரா (என்டோஸ்கோபி) விட்டுப் பார்க்கத் தேவையில்லை. எத்தனையோ பேரின் பயத்தையும் ஒருநாள் கூலியையும் மிச்சப்படுத்தும் விதி இது.

● பிளேட்லெட் என்ற சொல்லை நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தது டெங்கு. 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கை முழுவதும் அந்த ஆண்டு பதிவான நோயாளர் தொகை 1,86,101. அதனாலேயே பிளேட்லெட் குறைந்தால் டெங்கு, டெங்கு இல்லையென்றால் பயமில்லை என்றொரு நினைப்பு பலரிடம் நின்றுவிட்டது.

டெங்குவில் பிளேட்லெட் சில நாட்களில் சரிந்து, சில நாட்களில் திரும்ப ஏறிவிடும். வாயில் நாள அழுத்தத்தில் அப்படியல்ல. ஓர் ஆண்டு 1,80,000, இரண்டு வருடம் கழித்து 1,40,000, பிறகு 1,10,000 என்று காய்ச்சலோ நோவோ எதுவும் இல்லாமல் படிப்படியாக இறங்கும். காரணம் இரண்டு. வழமையாகவே உடம்பின் பிளேட்லெட்டுகளில் மூன்றிலொரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். அழுத்தத்தால் மண்ணீரல் பெருத்தால் இன்னும் எவ்வளவோ அங்கே முடங்கும். மற்றது, பிளேட்லெட் உண்டாக்கச் சொல்லி எலும்பு மச்சைக்கு உத்தரவு கொடுக்கும் சுரப்பில் பெரும்பங்கு ஈரலில்தான் உருவாகிறது. ஈரல் நலிந்தால் உத்தரவும் குறையும். வேறு காரணத்துக்காக எடுத்த பழைய எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கை) துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஐந்து வருடத் துண்டுகளைத் திகதிப்படி அடுக்கிப் பார்க்கும் வைத்தியருக்கு, ஒற்றைத் துண்டு சொல்லாத கதை தெரிந்துவிடும்.

● 909 என்ற எண்ணை ஈரல் வைத்தியர்கள் கேட்டதும் அடையாளம் காண்பார்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மண்ணீரலின் நீளத்தால் (மில்லிமீற்றரில்) வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 2003இல் இத்தாலியிலிருந்து வந்த கணக்கு. விடை 909க்கு மேல் என்றால் உணவுக்குழாய் நாளங்கள் புடைத்திருக்க வாய்ப்புக் குறைவு. 1,80,000 பிளேட்லெட்டும் 110 மில்லிமீற்றர் மண்ணீரலும் உள்ளவருக்கு 1,636 வரும். 90,000 பிளேட்லெட்டும் 150 மில்லிமீற்றர் மண்ணீரலும் என்றால் 600. இரண்டாமவரை என்டோஸ்கோபிக்கு அனுப்பத் தாமதிக்கக்கூடாது. ஓர் இரத்தப் பரிசோதனை, ஒரு சாதாரண வயிற்று ஸ்கான், ஒரு பேனை போதும். விலையுயர்ந்த கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

● இன்னொரு கணக்கு ஃபிப்-4. வயதை ஏ.எஸ்.ரி. என்ற ஈரல் நொதியின் எண்ணால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை (ஆயிரத்தில்) ஏ.எல்.ரி. என்ற மற்ற ஈரல் நொதியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வயது 52, ஏ.எஸ்.ரி. 80, ஏ.எல்.ரி. 64, பிளேட்லெட் ஒரு இலட்சம் என்றால் விடை 5.2. 1.3க்குக் கீழ் என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பில்லை; 2.67க்கு மேல் என்றால் நன்றாகத் தேட வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழெல்லை 2. இது அழுத்தத்தை நேரே அளப்பதல்ல, யாரைத் தேட வேண்டும் என்று பொறுக்கி எடுத்துத் தருவது.

● தாயின் வயிற்றில் இருந்தபோது நமக்குச் சாப்பாடு கொண்டுவந்த தொப்புள் நாளம், பிறந்தபின் ஒரு வெறும் நாராகிவிடும். வாயில் நாள அழுத்தம் ஏறும்போது அந்த நாரை ஒட்டிய பாதையில் நாற்பது, ஐம்பது வருடம் கழித்து மீண்டும் இரத்தம் ஓடத் தொடங்கலாம்! நிறத்தோடு இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் அது தெரியும். அப்படியொரு சுற்றுவழியோ, வாயில் நாளத்தில் எதிர்த்திசை ஓட்டமோ கண்ணுக்குப் பட்டுவிட்டால், ஈரல் சுருங்கியவருக்கு ஆபத்தான அழுத்தம் இருக்கிறதென்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

● விலாவுக்குக் கீழே கையால் தட்டுப்படும் மண்ணீரல் ஒருகாலத்தில் இலங்கையில் மலேரியாவின் அளவுகோலாக இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறதென்று எண்ணி, அந்த ஊரின் மலேரியாவை மதிப்பிட்டார்கள். 1934–35 கொள்ளைநோய்க் காலத்து அறிக்கைகளிலும் அந்த எண்ணிக்கைகள் உண்டு. உலர்வலய மாவட்டமான திருகோணமலைக்கும் அந்தக் காய்ச்சல் புதியதல்ல.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதனால் இன்று கந்தளாயிலோ சேருவிலயிலோ ஒருவருக்கு மண்ணீரல் தட்டுப்பட்டால், “முந்தி வந்த காய்ச்சலாக இருக்கும்” என்று விட்டுவிட முடியாது. தலசீமியா போன்ற இரத்த நோய்கள் காரணமாகலாம். இல்லாவிட்டால் ஈரலைத் தேட வேண்டும்.

● ஈரல் மெதுமையாக இருந்தும் அழுத்தம் ஏறுமா? ஏறும். ஈரலுக்குள் நுழையும் நுண்ணிய நாளக்கிளைகள் மட்டும் கெட்டுப்போகும் ஒரு நோய் இருக்கிறது. இந்தியாவில் கூடுதலாகக் கண்டு, 1969இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கூட்டத்தில் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. வைத்தியர்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்த நோயாளிகளுக்கு ஃபைப்ரோஸ்கான் ஈரலில் 10க்குக் கீழ்கூடக் காட்டலாம், ஆனால் மண்ணீரல் பெரிதாக இருக்கும், உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்து நிற்கும்.

ஆகவே இப்போது மண்ணீரலின் விறைப்பையும் அளக்கிறார்கள். மண்ணீரல் ஈரலைவிடக் கெட்டியானது என்பதால் செக்கனுக்கு 50 அதிர்வுக்குப் பதில் 100 அதிர்வு கொடுக்கும் முறை வந்திருக்கிறது. வைரஸ் ஈரல் அழற்சியால் ஈரல் கெட்டவர்களில், மண்ணீரல் 21 கிலோபாஸ்கலுக்குக் கீழ் என்றால் ஆபத்தான அழுத்தம் இல்லை, 50க்கு மேல் என்றால் உண்டு. வாயில் நாள அழுத்தத்தை ஈரலைவிட நேர்மையாகச் சொல்லும் சாட்சி மண்ணீரல்தான் என்று பல நிபுணர்கள் இன்று கருதுகிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

● வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு ஃபைப்ரோஸ்கான் வேலை செய்யாது. சுண்டிய அலை நீருக்குள் ஓடாது. ஆனால் ஈரல் சுருங்கியவருக்கு நீர் சேர்ந்துவிட்டது என்பதே அழுத்தம் எல்லை கடந்துவிட்டதன் அடையாளம். அப்போது அளவெடுப்பதைவிட உப்பைக் குறைப்பது அவசரம். நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 5 கிராம்தான் கணக்கு. நம் கரையோரச் சமையலில் கருவாடு ஒரு துண்டு அந்தக் கணக்கில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கறிக்கு உப்புப் போடாமல் விட்டோம் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் கருவாட்டுப் பொரியல் வைக்கிற வீடுகளுக்கு இதை அன்போடு சொல்ல வேண்டியிருக்கிறது.

● “அவர் குடிக்கிறவர் இல்லையே, ஈரல் எப்படிக் கெடும்?” களனிப் பல்கலைக்கழக வைத்தியர்கள் ராகமப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கான் செய்தபோது, மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் 32.6 சதவீதத்தினரிடம் இருந்தது. 2009இல் வெளியான முடிவு அது. மலை ஏறி இறங்கும் நுவரெலியாத் தோட்ட மக்களிடமும் இது 18 சதவீதம் இருந்தது. நீரிழிவு, இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு இவையெல்லாம் சேர்ந்துதான் ஈரலைத் தழும்பாக்குகின்றன. கசிப்பும் சாராயமும் குடிக்கிறவர்களுக்கு அதே பாதை இன்னும் குறுகியது. நீரிழிவு கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது ஃபிப்-4 கணக்கைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

● கீழாநெல்லி பற்றி ஒரு வார்த்தை. 1988இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெப்படைற்றிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்த முடிவை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நம்பிக்கை தந்த முடிவு. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. கோணேசபுரியில் சித்த வைத்தியம் படிப்பிக்கும் மாவட்டம் இது. மூலிகையை மதிக்கிற மக்கள் நாங்கள். எந்த வைத்தியத்தை எடுத்தாலும், பிளேட்லெட்டையும் மண்ணீரலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதற்கு அது தடையல்ல.

● அளந்து என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு ஸ்பெயின் நாட்டு வைத்தியசாலைகள் 2019இல் பதில் தந்தன. அழுத்தம் 10ஐத் தாண்டியும் இன்னும் நீர் சேராத, இரத்தம் கசியாத 201 பேர். பாதிப் பேருக்குப் புரொப்ரனோலோல் அல்லது கார்வெடிலோல், மற்றவர்களுக்கு வெறும் குளிசை. நிலைமை மோசமானவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, மருந்து எடுத்தவர்களில் 16 சதவீதம், எடுக்காதவர்களில் 27 சதவீதம். இரண்டும் பழைய, மலிவான இதயக் குளிசைகள். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பிரஷர் மிகவும் இறங்கியவர்களுக்கும் ஆகாது. வைத்தியர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

● ஈச்சிலம்பற்றுப் பக்கத்து இலங்கைத்துறை முகத்துவாரத்திலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு வர, ஒருகாலத்தில் ஆற்றுக்கு ஆறு மிதவைப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாப் பாதையின் இடத்தில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. மற்றத் துறைகளிலும் பிறகு பாலங்கள் வந்தன. வழி குறுகியிருக்கிறது. ஆனாலும் இரத்தவாந்தி எடுக்கும் ஒருவருக்கு அந்தத் தூரம் இன்றும் தூரந்தான். இரத்த வங்கி, நாளத்தை வளையம் போட்டுக் கட்டும் என்டோஸ்கோபி, பழகிய வைத்தியர் மூன்றும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். கறுத்த மலமோ இரத்தவாந்தியோ கண்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

● தழும்பு திரும்பிப் போகுமா? பல வருடம் “இல்லை” என்றே சொல்லிவந்தார்கள். ஹெப்படைற்றிஸ் சி வைரஸைக் குளிசையாலேயே முற்றாகக் குணப்படுத்தும் காலம் வந்தபிறகு, அதே ஆட்களின் ஈரல் விறைப்பு வருடா வருடம் இறங்கியதைப் பார்த்தார்கள். குணமானவரின் விறைப்பு 12 கிலோபாஸ்கலுக்குக் கீழும் பிளேட்லெட் ஒன்றரை இலட்சத்துக்கு மேலும் நின்று, மதுவோ உடற்பருமனோ போன்ற வேறு காரணமும் இல்லையென்றால், வாயில் நாள அழுத்தத்துக்காக அவரைத் தொடர்ந்து கண்காணிக்கத் தேவையில்லை என்று பாவெனோ ஏழாம் கூட்டம் முடிவு செய்தது. மதுவை முற்றாக விட்டவர்களிடமும் விறைப்பு இறங்குகிறது, சிலரிடம் சில மாதங்களிலேயே. ஈரல் தழும்பேறிய மற்றவர்கள் ஆண்டுக்கொருமுறை அளக்க வேண்டும். விறைப்பு 20ஐத் தாண்டினாலோ பிளேட்லெட் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே போனாலோ அந்த ஆண்டு என்டோஸ்கோபி.